எஸ்பிரெசோ: எந்திரத்தின் வரலாறும் வீட்டுக் கோப்பையின் குறைகளும்

எஸ்பிரெசோ என்பது நன்கு பொடித்து அழுத்திய காப்பிப் பொடியின் ஊடே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் உள்ள நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திச் சில நொடிகளில் பெறப்படும் செறிவான காப்பி ஆகும். இது இத்தாலியில் தோன்றியது. கேட்டவருக்காக அப்போதே தயாரித்துத் தரப்படுவது, விரைவானது, பிழிந்தெடுக்கப்பட்டது என்ற பொருள்கள் அனைத்தும் இந்த இத்தாலியச் சொல்லில் அடங்கியுள்ளன.

காப்பிக்கடைகளுக்காக உருவான இந்த எந்திரம் இன்று பல நாடுகளில் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது. அதனுடன் புளிப்பு, கசப்பு, கருகிய வாடை, நுரையின்மை, பீய்ச்சியடிக்கும் ஓட்டம் ஆகிய குறைகளும் வந்தன. இவற்றில் பெரும்பாலானவை புதியவை அல்ல. 1884 முதல் ஒவ்வொரு தலைமுறை எந்திரமும் இவற்றுள் ஒன்றைத் தீர்க்கவே உருவாக்கப்பட்டது. எந்தக் குறையை எந்திரம் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் மனிதக் கையிடம் விட்டது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. வீட்டில் காப்பி சரியாக வராதபோது எங்கே தேடுவது என்பதற்கும் அதுவே வழிகாட்டுகிறது.

நீராவிக் காலமும் கருகிய சுவையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் காப்பிக்கடைகளின் முதன்மைச் சிக்கல் சுவையைவிட நேரமாகவே இருந்தது. ஒரு கோப்பை வடிந்து இறங்கச் சில நிமிடங்கள் ஆயின. இத்தாலியின் தூரின் நகரில் விடுதியும் மதுக்கூடமும் நடத்திய ஆஞ்செலோ மொரியோந்தோ, நீராவியின் உதவியால் விரைவாகக் காப்பி தயாரிக்கும் எந்திரம் ஒன்றை 1884ஆம் ஆண்டு தூரின் பொருட்காட்சியில் வைத்தார். அதே ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இது மொத்தமாகக் காப்பி வடிக்கும் பெரிய எந்திரம். மொரியோந்தோ இதை விற்பனைக்காகப் பெருமளவில் தயாரிக்கவில்லை.

கோப்பை கோப்பையாகத் தயாரிக்கும் முறையை மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெட்சேரா 1901இல் பதிவு செய்தார். பொடியை இட்டு எந்திரத்தில் பூட்டும் கைப்பிடியுள்ள வடிகட்டி அவருடைய வடிவமைப்பில் இடம்பெற்றது. இன்றைய எந்திரங்களிலும் அதன் அடிப்படை வடிவம் மாறவில்லை. பெட்சேராவின் உரிமைகளைப் பெற்ற தெசிதேரியோ பவோனி 1905 முதல் எந்திரங்களைத் தயாரித்து விற்றார். 1906இல் நடந்த மிலான் உலகக் கண்காட்சியில் இவ்வகைக் காப்பி பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது.

இந்த எந்திரங்களில் ஒரே கொதிகலன் நீரைச் சூடாக்கியது. அதில் திரண்ட நீராவியே நீரைத் தள்ளவும் செய்தது. கிடைத்த அழுத்தம் ஏறத்தாழ 1.5 பார் மட்டுமே. வெளிக்காற்றைவிட 1.5 பார் கூடுதலான அழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 127 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். அதாவது அழுத்தம் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டியாக வேண்டும். சூட்டைக் குறைத்தால் அழுத்தம் போய்விடும். மிகைச் சூடான நீரும் ஆவியும் பொடியைத் தாக்கியதால் காப்பியில் கசப்பும் கருகிய வாடையும் ஏறின. அது இன்றைய எஸ்பிரெசோபோல் நுரை படர்ந்த பானமாக இல்லாமல், செறிவான வடிகாப்பியாகவே இருந்தது.

பம்ப் இல்லாத மலிவான வீட்டு எந்திரங்கள் இன்றும் இதே முறையில் இயங்குகின்றன. மூடியைத் திருகி இறுக்கி, நீராவி திரளும்வரை காத்திருக்கும் வகை இது. இவற்றில் நுரை வராததும் காப்பி கருகிச் சுவைப்பதும் பயன்படுத்துபவரின் பிழை அல்ல. எந்திரத்தின் அமைப்பே அவ்வளவுதான்.

அடுப்பில் ஏறிய மோகா

வீட்டுக்கான முதல் பெரிய மாற்றம் காப்பிக்கடை எந்திரத்தைச் சுருக்குவதிலிருந்து வரவில்லை. 1933இல் அல்போன்சோ பியாலெத்தி அலுமினியத்தாலான, எண்கோண வடிவ மோகா பாத்திரத்தை அறிமுகப்படுத்தினார். கீழறையில் சூடாகும் நீரை அங்கே உருவாகும் அழுத்தம் மேலே தள்ளுகிறது; நீர் நடுவில் உள்ள பொடியைக் கடந்து மேலறையை அடைகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவருடைய மகன் ரெனாத்தோ செய்த விளம்பரத்தால் இது இத்தாலிய வீடுகளெங்கும் பரவியது.

மோகாவின் அழுத்தமும் 1 முதல் 2 பார் அளவுதான். எனவே அதிலிருந்து எஸ்பிரெசோ நுரையை எதிர்பார்க்க இயலாது. பொடியை அழுத்தாமல் நிரப்புவது, தீயைத் தணித்து வைப்பது, களகளவென்ற ஒலி எழும்போதே இறக்கிவிடுவது ஆகிய மூன்றும் அதன் கசப்பைக் குறைக்கும். அந்த ஒலி, நீர் தீர்ந்து ஆவி மேலேறத் தொடங்கியதன் அடையாளம்.

நெம்புகோலும் நுரையும்

நீராவியையும் அழுத்தத்தையும் பிரிக்க வேண்டும் என்பதை 1930களில் பலர் உணர்ந்தனர். திரியெஸ்தே நகரின் பிரான்செஸ்கோ இல்லி 1935இல் உருவாக்கிய எந்திரத்தில், நீராவிக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்று நீரைத் தள்ளியது. மிலானில் காப்பிக்கடை நடத்திய அக்கிலே காஜியா 1938இல் தம் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர் இடையில் வந்தது. போருக்குப் பின், 1948இல், அவருடைய நிறுவனம் சுருள்வில்லால் இயங்கும் நெம்புகோல் எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நெம்புகோலைக் கீழே இழுத்தால் சுருள்வில் சுருங்கும். கொதிகலனிலிருந்து சிறிதளவு நீர் உருளைக்குள் இறங்கும். கையை விட்டதும் சுருள்வில் விரிந்து, உந்துதண்டின் வழியே நீரைப் பொடிக்குள் தள்ளும். இதில் அழுத்தம் 8 முதல் 10 பார் வரை உயர்ந்தது. அழுத்தத்தைச் சுருள்வில் தந்ததால் நீரை மிகையாகச் சூடாக்கத் தேவையில்லாமல் போனது. உருளையில் அடங்கிய நீரின் அளவே கோப்பையின் அளவையும் முடிவு செய்தது. எஸ்பிரெசோ சிறிய பானமாக ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பையின் மேல் பொன்பழுப்பு நிற நுரை முதன்முறையாகத் தடிமனாகப் படர்ந்தது இந்த எந்திரங்களில்தான். இத்தாலியில் இதற்குக் கிரேமா என்று பெயர். காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அதனுள் கரியமில வாயு சேர்கிறது. உயர் அழுத்தத்தில் இந்த வாயு நீரில் கரைகிறது; கோப்பைக்கு வந்து அழுத்தம் விலகியதும் நுண்குமிழ்களாக வெளியேறுகிறது. சோடாப் புட்டியைத் திறக்கும்போது நடப்பதும் இதுவே.

நுரை வராத வீட்டுக் காப்பிக்கான முதல் விளக்கம் இதில் உள்ளது. வறுத்த கொட்டையிலிருந்து வாயு நாள்தோறும் வெளியேறுகிறது. அரைத்துவிட்டால் அது மிக வேகமாகப் போய்விடும். மாதக்கணக்கில் கிடந்த பொடியை எவ்வளவு விலையுயர்ந்த எந்திரத்தில் இட்டாலும் நுரை மெலிதாகவே இருக்கும். மறுபுறம், வறுத்த ஓரிரு நாளிலேயே பயன்படுத்தினால் வாயு மிகுந்து ஓட்டம் சீரற்றுப் போகும். வறுத்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி, அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் பயன்படுத்துவது பொதுவான வழக்கம்.

தொடர் அழுத்தம்: 1961

நெம்புகோல் எந்திரத்தை இயக்க வலிமையும் பழக்கமும் வேண்டியிருந்தன. சுருள்வில் விரிய விரிய அழுத்தம் குறைந்தது. ஓயாமல் காப்பி போட்டால் தலைப்பகுதி சூடேறிப் பின்வரும் கோப்பைகள் கசந்தன. இச்சிக்கல்களுக்கு எர்னெஸ்தோ வலெந்தேயின் ஃபேமா நிறுவனம் 1961இல் வெளியிட்ட இ61 என்ற எந்திரம் விடை தந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின் நினைவாக இப்பெயர் வைக்கப்பட்டது.

இ61இல் மின்பம்ப் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தைத் தொடர்ந்து தந்தது. காப்பிக்கான நீர் கொதிகலனில் தேங்கிக் கிடக்காமல், அதன் ஊடே செல்லும் குழாயில் ஓடிச் சூடானது. கனமான பித்தளைத் தலைப்பகுதியின் வழியே வெந்நீர் இடையறாது சுற்றி அதைச் சூடாக வைத்திருந்தது. முழு அழுத்தம் ஏறுமுன் பொடி மெதுவாக நனையவும், காப்பி இறங்கியபின் எஞ்சிய அழுத்தம் வெளியேறவும் வழி செய்யப்பட்டது. இன்றும் பல வீட்டு எந்திரங்களின் தலைப்பகுதி இதே வடிவில் தயாராகிறது.

எனினும் இ61 வகைக்கும் ஒரு குணம் உண்டு. கனமான பித்தளை முழுதாகச் சூடேற அரை மணி நேரம் வரை ஆகலாம். விளக்கு எரிந்தவுடன் போட்ட முதல் கோப்பை புளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெப்பநிலையைப் பிடித்து நிறுத்துதல்

காப்பிக்கு 90 முதல் 96 டிகிரி வரையிலான நீர் போதும். பாலை நுரைக்க வைக்கும் ஆவிக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே கொதிகலன் இரண்டு வேலையும் செய்வது எளிதல்ல. புளோரன்ஸ் நகரின் லா மர்சொக்கோ நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஜி.எஸ். எந்திரம், காப்பிக்கும் ஆவிக்கும் தனித்தனிக் கொதிகலன்களைக் கொண்டிருந்தது.

சிறிய வீட்டு எந்திரங்களில் இன்றும் பெரும்பாலும் ஒரே கொதிகலன்தான். அதன் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சில டிகிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஆர்வலர்கள், தொழிற்சாலைகளில் பயன்படும் பி.ஐ.டி. என்ற மின்னணு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தங்கள் வீட்டு எந்திரங்களில் பொருத்தத் தொடங்கினர். பின்னர் தயாரிப்பாளர்களே அதைச் சேர்த்து விற்றனர். அது இல்லாத எந்திரத்தில், பாலுக்கு ஆவி எடுத்தவுடன் காப்பி போட்டால் கருகிய கசப்பு வரும். முதலில் சிறிது வெந்நீரை வெளியேற்றிக் கொதிகலனை ஆறவிட வேண்டும்.

வீட்டுக்கான எந்திரங்கள்

லா பவோனியின் சிறிய கை நெம்புகோல் எந்திரமான யூரோபிக்கோலா 1961இல் வந்தது. காஜியா நிறுவனத்தின் பேபி 1977இலும், கிளாசிக் 1991இலும் வந்தன. வீட்டு எந்திரங்களில் பெரிய சுழல் பம்பிற்குப் பதிலாக அதிர்வு பம்ப் இடம்பெற்றது. அது சிறியது, மலிவானது. பெட்டியின்மேல் அச்சிடப்படும் '15 பார்' என்பது அந்தப் பம்ப் எட்டக்கூடிய உச்ச அளவு மட்டுமே. காப்பி இறங்கும்போது தேவைப்படுவது 9 பார்தான்.

தொடக்கநிலை எந்திரங்களுடன் இரட்டைச் சுவர் கொண்ட வடிகட்டிக் கிண்ணம் தரப்படுவது வழக்கம். அதன் அடியில் ஒரே ஒரு நுண்துளை இருக்கும். பொடி எப்படி இருந்தாலும் அத்துளையே அழுத்தத்தை உண்டாக்கி நுரையை எழுப்பும். கடைப்பொடியைப் பயன்படுத்துவோருக்கு இது வசதி. ஆனால் பொடியின் குறையை நுரை மறைத்துவிடும். 1986இல் தொடங்கப்பட்ட நெஸ்பிரெசோவின் காப்ஸ்யூல் முறை இன்னொரு வழியை எடுத்தது. அரைப்பது, அளப்பது, அழுத்துவது ஆகிய மூன்றையும் வீட்டுக்காரரின் கையிலிருந்தே அது எடுத்துவிட்டது.

எந்திரம் தீர்க்காத சிக்கல்

அந்த மூன்று வேலைகளில்தான் இன்றைய வீட்டுக் குறைகளில் பெரும்பங்கு உள்ளது. இதன் அடிப்படையை விளக்கியவர் காப்பியோடு தொடர்பில்லாத ஒருவர். பிரான்சின் தீஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் படுகையின் ஊடே நீர் எவ்வாறு ஓடுகிறது என்று சோதித்து 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும். படுகை ஆழமானால் ஓட்டம் குறையும். மற்றது படுகையின் ஊடுவிடும் தன்மையைப் பொறுத்தது. காப்பிப் பொடியும் ஒரு படுகைதான்.

ஊடுவிடும் தன்மை துகளின் அளவோடு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. ஏறத்தாழ அதன் இருபடியாக மாறுகிறது. துகளின் அளவு பாதியானால் ஓட்டம் கால்பங்காகும். அரைவைச் சக்கரத்தை ஒரு கோடு திருப்பினாலே காப்பி இறங்கும் நேரம் பல நொடிகள் மாறுவது இதனால்தான். ஒப்பிட்டால், கையால் பொடியை எவ்வளவு பலமாக அழுத்துவது என்பதன் விளைவு சிறியது. மட்டமாகவும் ஒரே சீராகவும் அழுத்தினால் போதும்.

மிக்சியின் கத்தி கொட்டையை வெட்டி மாவும் குருணையுமாகத் தருகிறது. மாவு மிகையாகக் கரைந்து கசக்கிறது. குருணை போதுமான அளவு கரையாமல் புளிக்கிறது. ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் வாய்க்கால் விழுதல். கட்டிகளும் இடைவெளிகளும் உள்ள பொடியில் நீர் எளிதான வழியைக் கண்டு அங்கேயே பாயும். அந்த இடம் மிகையாகக் கரையும், மற்ற இடம் நனைந்ததோடு நிற்கும். மெல்லிய ஊசிகளால் பொடியைக் கிளறிக் கட்டியை உடைப்பது இதற்கான எளிய தீர்வு. வீட்டு ஆர்வலர்களிடையே 2005இல் அறிமுகமான இம்முறை, பின்னர் காப்பிக்கடைகளுக்கும் சென்றது.

மேலும் மேலும் நைசாக அரைத்தால் சாறு கூடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. கணிதவியலாளர்களும் வேதியியலாளர்களும் காப்பித் தொழிலினரும் இணைந்து 2020இல் 'மேட்டர்' என்ற ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. ஓர் அளவுக்குமேல் நைசாக அரைத்தால் படுகையின் சில பகுதிகள் அடைபட்டு, கரைவது கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொரு விதமாக வருகிறது. குறைந்த பொடியைச் சற்றுப் பருமனாக அரைப்பதே நிலையான சுவையைத் தரும் என்று அக்கட்டுரை பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் 'எக்ஸ்பிரஸ்ஸோ'

தமிழ்நாட்டின் திருமண வரவேற்புகளிலும் பொருட்காட்சிகளிலும் 'எக்ஸ்பிரஸ்ஸோ காப்பி' என்ற பெயரில் கிடைப்பது வேறொரு பானம். பாலும் சர்க்கரையும் உடனடிக் காப்பித்தூளும் சேர்த்து, எந்திரத்தின் ஆவிக்குழாயால் நுரைக்க வைத்து, மேலே சிறிது கோகோ தூள் தூவித் தருவது அது. இத்தாலிய எந்திரத்தின் ஆவிப் பகுதி மட்டும் இங்கே தனிவாழ்வு பெற்றது எனலாம். வீட்டு டிகாக்‌ஷனோ அழுத்தமே இல்லாமல் புவியீர்ப்பால் வடிவது.

ஃபில்டர் காப்பிக்கென விற்கப்படும் பொடியை எஸ்பிரெசோ எந்திரத்தில் இடுவோர் ஏமாற்றம் அடைவதற்குக் காரணங்கள் இரண்டு. அதன் அரைவை மெதுவான வடிதலுக்கு ஏற்றது. அதில் சிக்கரி கலந்திருந்தால், சிக்கரி காப்பியைவிட மிக அதிகமாகக் கரைவதால், எஸ்பிரெசோவுக்கான எடை, நேரக் கணக்குகள் அதற்குப் பொருந்தா.

நீரும் கவனிக்கத்தக்கது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் கொதிகலனிலும் வால்வுகளிலும் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கி ஓட்டத்தைக் குறைக்கும். கனிமங்கள் முற்றிலும் நீக்கப்பட்ட நீரிலோ காப்பி சப்பென்று இருக்கும். மென்மையான, ஓரளவு கனிமம் உள்ள நீரே ஏற்றது.

குறையறியும் வரிசை

1998இல் நிறுவப்பட்ட இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் ஒரு கோப்பைக்கு வகுத்த அளவுகள் இவை: 7 கிராம் பொடி, 88 டிகிரி நீர், 9 பார் அழுத்தம், 25 நொடி, நுரையுடன் 25 மில்லிலிட்டர். ஒவ்வொன்றுக்கும் சிறிது ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது. இன்றைய வீடுகளில் 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 நொடி என்ற கணக்கு பரவலாக உள்ளது. எதைப் பின்பற்றினாலும் பொடியையும் காப்பியையும் எடைபோட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டால்தான் குறை பிடிபடும்.

1. விரைவாக இறங்கி, நீர்த்துப் புளித்தால்: அரைவை பருமன். சற்று நைசாக்க வேண்டும்.

2. சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால்: அரைவை மிக நைசு. சற்றுப் பருமனாக்க வேண்டும்.

3. பீய்ச்சியடித்து, புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால்: வாய்க்கால் விழுந்துள்ளது. கட்டியை உடைத்து, பரப்பி, மட்டமாக அழுத்த வேண்டும்.

4. நேரமும் எடையும் சரியாக இருந்தும் புளித்தால்: சூடு போதவில்லை, அல்லது கொட்டையின் வறுவல் குறைவு. எந்திரத்தை முழுதாகச் சூடேற்ற வேண்டும்.

5. நேரமும் எடையும் சரியாக இருந்தும் கருகிக் கசந்தால்: சூடு மிகை, அல்லது வறுவல் அதிகம். வெந்நீரைச் சிறிது வெளியேற்றிப் பார்க்க வேண்டும்.

6. சுவை சப்பென்று, நுரையும் இல்லையென்றால்: கொட்டை பழையது.

7. எந்த அரைவையிலும் ஓட்டம் மந்தமாக இருந்தால்: தலைப்பகுதியின் சல்லடையைக் கழுவி, சுண்ணாம்புப் படிவை நீக்க வேண்டும்.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவது முக்கியம். அரைவை, அளவு, சூடு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாமல் போகும்.

மதிப்பீடு

மொரியோந்தோ நேரத்தைக் குறைத்தார். காஜியா ஆவியிலிருந்து அழுத்தத்தைப் பிரித்தார். இ61 அழுத்தத்தை நிலைநிறுத்தியது. இரட்டைக் கொதிகலனும் பி.ஐ.டி.யும் வெப்பத்தை நிலைநிறுத்தின. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் வீட்டு எந்திரத்திலும் இத்தீர்வுகள் பல அடங்கியுள்ளன. ஆனால் கொட்டையின் புதுமை, அரைவையின் சீர்மை, பொடியைப் பரப்பும் கை ஆகியவற்றை எந்த எந்திரமும் முழுமையாக ஏற்கவில்லை. காப்ஸ்யூல் முறை அவற்றை மறைத்து வைத்தது, அவ்வளவே. கோப்பை சரியாக வராதபோது பலர் முதலில் மாற்ற நினைப்பது எந்திரத்தை. பெரும்பாலான வீடுகளில் அதற்கு முன் மாற்ற வேண்டியவை கிரைண்டரும் பழைய கொட்டையும்தான்.